மணியின் பெண்சாதி

1

போன மாதம் வரைக்கும் என் பெண்சாதியின் அடையாளக் கார்டில், புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் நாயின் பெயர் இருந்தது.

நாய் போய்ப் பல வருஷமாகிறது. அது போனது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, சாலையோரம். கார்டு எழுதியது இங்கே மலாயாவில், ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் கொட்டகையில். அந்தப் பெயர் எப்படிக் கடலைத் தாண்டி வந்து அவள் கார்டில் உட்கார்ந்தது என்று ஊரில் இருப்பவர்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது. இங்கே சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நாங்கள் சண்டைக்கு முன்னால் வந்தவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரோடு இருந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லோரும் அதையேதான் தின்றார்கள். இப்போது காட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று ரோட்டுக்கு ரோடு சிப்பாய்கள் நிற்கிறார்கள். கார்டு இல்லாமல் வெளிக்குப் போகக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. போட்டோ பிடித்து, கட்டைவிரல் ரேகை வாங்கி, ஆளுக்கொரு கார்டு கொடுக்கிறார்கள்.

எங்கள் தோட்டத்துக்குக் கார்டு எழுத வந்த அன்று நான் லாரியில் ரப்பர்ப் பால் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். மகள் மங்களம் பள்ளிக்கூடத்தில். என் பெண்சாதி தனகோட்டி மட்டும் வரிசையில் நின்றாள். டவுனிலிருந்து வந்த தமிழ் எழுத்தர் ஒருவர் அவளிடம், "புருஷன் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்தில் நிற்கிற பெண் யாராவது சொல்லிவிடுவாள். அன்று அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் புதிதாக வந்த தெலுங்கர்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது.

"பேர் இல்லாம கார்டு இல்லம்மா. சொல்லு, வெயில் ஏறுது."

இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை மேஜையைத் தட்டியிருக்கிறார். அப்போது இவள் வாயில் வந்தது, "மணி."

எழுத்தர் எழுதிக்கொண்டார். என் பெயர் ஏழுமலை.

2

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தனகோட்டி அதை நடத்திய விதம் மட்டும் கொஞ்சம் அதிகம். அவள் வாயில் 'ஏழு' வராது. முட்டை எண்ணும்போது ஐந்து, ஆறு, ஆறும் ஒண்ணும், எட்டு என்று போவாள். 'மலை'யும் வராது. மயிலம் மலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "முருகரு மேடு வந்துருச்சி" என்பாள். என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள், சண்டை வந்தால் அதற்கு மேலும் பேசுவாள். பெயர் மட்டும் கிடையாது.

அப்போது நான் விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், கடலை மூட்டை ஏற்றுகிற லாரிக்குக் கிளீனராக இருந்தேன். அதற்கு முன்னால் செங்கல் சூளை, ரயிலடிக் கூலி, ஒரு மழைக்காலம் முழுக்கக் கோட்டக்குப்பத்தில் மீன்வண்டி தள்ளினேன். ஓர் இடத்தில் வருஷம் முழுவதும் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். மண்டியில் மட்டும் நின்றேன், காரணம் சடுகுடு. முதலாளிக்கு அந்த ஆட்டத்தில் பைத்தியம். மூட்டை தூக்குகிறவர்களில் நல்ல ஆட்களைப் பொறுக்கி ஒரு செட்டு சேர்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லாரியைக் கொடுத்துவிடுவார். கண்டமங்கலம், விக்கிரவாண்டி, மயிலம், திண்டிவனம் என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் போவோம். காலி லாரியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, தூசியைத் தின்றுகொண்டு போவோம். லாரி டிரைவர் கோதண்டம்தான் எங்கள் தலைவர்.

தனகோட்டியும் வருவாள். வீட்டில் நாங்கள் இருவர்தான், அப்போது பிள்ளை இல்லை. தனியாக இருக்க மாட்டேன் என்பாள். கேப்பைக் கூழும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு, லாரியின் பின்பலகை ஓரமாக உட்கார்ந்துகொள்வாள்.

"ஏண்டா ஏழுமல, பொண்டாட்டி வந்தாத்தான் உனுக்கு மூச்சு நிக்குமா?" என்று கோதண்டம் கேட்பான்.

"உம் பொண்டாட்டிய கூட்டியாயேன், யார் வேணான்னது? அந்தம்மா வந்தா உன் மூச்சு நின்னுடும்னுதான பயப்படற" என்பாள் இவள். லாரி முழுக்கச் சிரிப்பு கிளம்பும்.

மணி எங்களிடம் வந்தது ரயிலடியில். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். நான் குட்டியாகத் தூக்கிவந்தேன். அது வந்த பிறகு தனகோட்டிக்கு ஒரு வசதி கிடைத்தது. ஆட்டக்களத்தில் நூறு ஆண்கள் நடுவே என்னைக் கூப்பிட அவளுக்கு வழியில்லை. "இந்தாய்யா" என்றால் எல்லோரும் திரும்புவார்கள். அதனால் நாயைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"மணீ... வா... கூழு கரைச்சாச்சி."

நாயும் வரும், நானும் வருவேன். நாயை மட்டும் கூப்பிட வேண்டுமென்றால் நாக்கைச் சொடுக்குவாள். மணி என்று பெயர் சொன்னால் அது எனக்கு. வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. நான் குளத்தில் இருந்தாலும், கொட்டகையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாலும், அந்தக் குரல் வந்தால் எழுந்துவிடுவேன். செட்டு ஆட்கள், "கூப்ட்டது நாலு காலையா, ரெண்டு காலையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அதில் குறைச்சல் தெரியவில்லை.

மணிக்கும் ஆட்டம் தெரியும். நான் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனால் அது பக்கக் கோட்டை ஒட்டி என்னோடு ஓடிவரும். நான் தொட்டுவிட்டுத் திரும்பினால் திரும்பும். கோட்டுக்குள் கால் வைக்காது. அதைப் பார்க்கவே திண்டிவனத்தில் கூட்டம் சேரும்.

3

அன்று திண்டிவனத்தில் ஆட்டம் சாயங்காலம். நாங்கள் உச்சிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிட்டோம். விக்கிரவாண்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லாரியில் தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பிவிட்டது. உச்சிப்பொழுது. இரண்டு பக்கமும் புளியமரம். வெயில் இருந்தது, நிழல் இருந்தது, காற்று மட்டும் இல்லை. காக்கைகூடக் கத்தவில்லை.

கோதண்டம் மூடியைத் திறந்துவிட்டு, "மேற்கால போ, ஏழுமல. புதருக்கு அந்தாண்ட ஒரு கெணறு கீது. ஜல்தியா மொண்டுக்கினு வா" என்றான்.

மண்ணெண்ணெய்த் தகரத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். தனகோட்டி சாலைக்குக் கிழக்குப் பக்கத்து மரத்தடியில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். மணி என்கூட வந்தது.

ஆவாரையும் சங்கஞ்செடியும் ஆள் உயரம் வளர்ந்திருந்தன. கிணறு கண்ணில் படவில்லை. இப்படிப் போய் அப்படித் திரும்பி, எந்தப் பக்கம் சாலை என்பதே குழம்பிவிட்டது. உச்சி வெயிலில் நிழல் காலடியில் கிடக்கும். திசை பார்க்க அது உதவாது. நின்றேன்.

அப்போது எனக்கு எதிரே, செடிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

"மணீ... வா... கூழு கரைச்சாச்சி."

தனகோட்டி குரல். அந்த இழுப்பு, அந்த 'வா', எல்லாம் அவளுடையதுதான். நான் சுற்றிச் சுற்றிச் சாலைக்கே வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். தண்ணீர் இல்லாமல் போனால் கோதண்டம் திட்டுவான், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று நடந்தேன். மணி எனக்கு முன்னால் ஓடியது. அவள் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டுதான் ஓடும். அன்று வால் ஆடவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்தும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

செடிகளுக்குள் நுழைந்தது. நானும் நுழைந்தேன். காலை எடுத்து வைக்கப்போன இடத்தில் தரை இல்லை.

கிணறு. கைப்பிடிச் சுவர் கிடையாது, செடி விளிம்பு வரைக்கும் மூடியிருந்தது. தகரம் கையிலிருந்து நழுவி விழுந்தது. அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு முன்னால் எதுவும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். தண்ணீரில் தகரம் மட்டும் மிதந்தது. "மணி" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

அப்போது எனக்குப் பின்னால், வெகு தூரத்தில், லாரி ஹாரன் அடித்தது. சாலை பின்னால் இருந்தது. முன்னால் கிணறும் அதற்கப்பால் பொட்டல்காடும்தான்.

திரும்பி ஓடினேன். தனகோட்டி அதே மரத்தடியில் அதேபோலப் படுத்திருந்தாள்.

"நீ கூப்ட்டியா?"

கோதண்டம் பதில் சொன்னான். "அது அப்பவே தூங்கிக்கினு கீது. என்னாடா, வெறுங்கையோட வர்ற? தகரம் எங்க?"

தனகோட்டி எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள். "மணி எங்க?" என்றாள்.

சொன்னேன். அவள் அழவில்லை. "என்னான்னு கூப்ட்டது? அப்படியே சொல்லு."

"மணீ, வா, கூழு கரைச்சாச்சின்னு."

"கூழுன்னா சொன்னது?"

"ஆமா."

அவள் மூட்டையை அவிழ்த்துக் காட்டினாள். "இன்னிக்கு நான் கூழு எடுத்துக்கினு வரல. புளிசோறு."

செட்டு ஆட்கள் எல்லோரும் கயிறோடு போனார்கள். கோதண்டமே இறங்கினான். வெகுநேரம் காலால் துழாவிவிட்டுக் கீழேயிருந்து கத்தினான். "தண்ணி இடுப்பு மட்டும்தாம்பா கீது. நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல." மேலே வந்தபோது அவன் உடம்பில் மயிர் சிலிர்த்திருந்தது. அந்த வெயிலில்.

புதர் முழுக்கத் தேடினோம். பிறகு அதே கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். வேறு தண்ணீர் இல்லை.

4

ஆடாமல் திரும்பலாம் என்று ஒருவன் சொன்னான். முதலாளி பந்தயம் கட்டியிருந்தார், அதனால் ஆடினோம். இது பெரிய விஷயமில்லை. மூட்டை தூக்குகிறவன் வீட்டில் யார் செத்தாலும் மறுநாள் மூட்டை தூக்குகிறான்.

நான் முதல் தடவை பாடிக்கொண்டு போனேன். கால் தானாகப் போனது. ஒருவனைத் தொட்டுத் திரும்பினேன். கூட்டம் கத்தியது. இரண்டாவது தடவை போகும்போது எதிர்ச்செட்டில் தடித்த ஒருவன் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினான்.

"யோவ் விழுப்புரம், உங்க நாய புடிச்சிக் கட்டுங்கய்யா. கால்ல வந்து இடிக்குது."



நடுவர் கோதண்டத்தைப் பார்த்து, "எப்பவும் கோட்டுக்கு வெளியதான ஓடும்? இன்னிக்கு என்னா பேஜாரு பண்ணுது, உள்ளாற வருது?" என்றார்.

நான் களத்தைப் பார்த்தேன். மண்ணும் சுண்ணாம்புக் கோடும் இருந்தன. அந்தத் தடியன் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டு, என் முழங்காலுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தை முறைத்துக்கொண்டிருந்தான்.

மிச்ச ஆட்டத்தை நான் மூச்சைப் பிடித்து ஆடினேன். ஜெயித்தோம். பரிசாக ஆளுக்கொரு பித்தளைச் சொம்பு கொடுத்தார்கள். என் சொம்பு இங்கேயும் இருக்கிறது. அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

திரும்பி வரும்போது தனகோட்டி லாரியின் முன்னால், கோதண்டத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றாள். பின்பலகை ஓரம் அவளுடைய இடம். அங்கே மணியும் உட்காரும். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தோம். யாரும் அங்கே காலை நீட்டவில்லை.

5

வீட்டுக்கு வந்து தனகோட்டி சொன்னது இதுதான். "அது கூப்ட்டது நாய இல்ல. மணின்னா நீதான்னு அதுக்குத் தெரியும். நான்தான் ஊரு ஊரா கூவிக் காட்டிக் குடுத்துட்டேன். நாயி முந்திக்கினு போயிட்டுது."

நான் மறுக்கவில்லை. யாராவது வழிப்போக்கன், வேறொரு மணியைக் கூப்பிட்ட வேறொரு பெண் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். புளிசோற்று நாளில் கூழ் என்று சொன்னதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் என்னை எதைச் சொல்லியும் கூப்பிடவில்லை. சாப்பாடு ஆனால் கரண்டியால் தட்டைத் தட்டுவாள். தட்டுச் சத்தம் கேட்டால் நான் வருவேன்.

அது நிற்கவில்லை. எங்கள் குடிசை ரயிலடிக்குப் பின்னால். உச்சிப்பொழுதில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். கூட்ஸ் ஷெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து "மணீ" என்று அவள் குரல் கேட்கும். அவள் என் எதிரே வாயில் சோற்றோடு உட்கார்ந்திருப்பாள். இருவரும் தலையைத் தூக்காமல் சாப்பிடுவோம். ஒரு நாள் நான் எழுந்திருக்கப் பார்த்தேன், பழக்கம். அவள் என் வேட்டி முனையைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

மலாயாவுக்கு லாரி ஆட்கள் வேண்டும் என்று ஒருவர் வந்து சொன்னபோது எனக்கு வழக்கம்போலக் கால் அரித்தது. இவள் ஒப்ப மாட்டாள் என்றுதான் நினைத்தேன். விழுப்புரத்தை விட்டு வேறு ஊரில் குடியிருக்க மாட்டேன் என்று சொன்னவள், உடனே, "கடலைத் தாண்டி அது வராது. போவலாம்" என்றாள்.

கப்பலின் மேல்தட்டில் வந்தோம். பினாங்கில் இறக்கி, மருந்துத் தண்ணீரில் முக்கி, முகாமில் வைத்து, பிறகு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வந்த முதல் உச்சிப்பொழுதில் இருவரும் பேசாமல் உட்கார்ந்து காத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அவள் ஒரு மாதம் கழித்துச் சிரித்தாள்.

இங்கே எங்கள் நாள் இப்படிப் போகும். விடிவதற்குள் பெரட்டு, அதாவது எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்கள். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள். நான் லாரியைத் துடைப்பேன். மத்தியானம் பால் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவேன். சாயங்காலம் தட்டுச் சத்தம். வீட்டில் ஒரு சாம்பல் பூனை இருக்கிறது, அதற்கு முன்னால் இரண்டு இருந்தன. எதற்கும் பெயர் வைக்கவில்லை. மங்களம் ஆசையாக ஒரு பெயர் வைத்தாள். அவள் அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பெயர் போய்விட்டது. பூனை மடியில் படுத்துத் தூங்குகிறது, அதற்கு ஒன்றும் குறையில்லை.

தனகோட்டி மலாய்ப் பேச்சைக் கற்றுக்கொண்டதும் ஒரு வேடிக்கை. மலாயில் ஏழுக்கு 'துஜு' என்று கேட்டதும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சந்தையில் எதை வாங்கினாலும் துஜு வாங்கினாள். மலைக்கு 'புக்கிட்'. மங்களம், "அம்மா, அப்பா பேர் துஜு புக்கிட்டா?" என்று கேட்பாள். இரண்டு வார்த்தையையும் அவள் சேர்த்து மட்டும் சொன்னதில்லை.

மங்களம் இங்கே பிறந்தவள். பாதி மலாயும் பாதித் தமிழும் பேசுகிறாள். விழுப்புரம் என்றால் அவளுக்கு ஒரு சொல், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பந்தாட்டத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறாள். என் பெயரை யார் கேட்டாலும் பட்டென்று சொல்கிறாள். அவள் சொல்லும்போதெல்லாம் தனகோட்டி வாசலைப் பார்ப்பாள்.

6

கார்டு வந்து சில நாள் கழித்துத் தோட்டத்து ஆபீஸ் கணக்கர், இங்கே கிராணி என்பார்கள், என்னைக் கூப்பிட்டார். இப்போது கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளைக் கார்டைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள்.

"ஏழுமலை, உங்க வூட்ல இருக்கறது மணியோட பெண்சாதி, மணியோட பொண்ணு. மணியோட பெண்சாதிக்கு ஏழுமலை வூட்ல என்னய்யா வேலை?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் வெளையாட்டுக்குச் சொல்றேன். துரை வெளையாட மாட்டாரு. மாசக் கடைசிக்குள்ள டவுனுக்குப் போய் மாத்திக்கினு வாங்க. இல்லைன்னா அந்தம்மாவையும் பொண்ணையும் வேற தோட்டத்துக்கு அனுப்பிடுவாங்க. உங்கள இங்க வச்சுக்குவாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். தனகோட்டி மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"டவுன்ல போயி என்னா பண்ணணும்?"

"எம் பேர சொல்லணும். நீதான் சொல்லணுமாம். நான் சொன்னா செல்லாதாம்."

அவள் கையைக் கழுவினாள். "ஒண்ணு சொல்லல உங்கிட்ட. மணின்னு சொல்லிட்டு வந்தேனே, அன்னிக்கு மரத்துக்குள்ளாற வரும்போது கூப்ட்டது."

"யாரு?"

"நான்தான்" என்றாள். "எங்குரல்தான். மணீன்னு."

பூனை கழுவிய மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், துரத்தவில்லை.

"இத்தினி வருஷம் வரல. நான் வாயத் தொறந்தேன், வந்துடுச்சி. அப்ப முந்திக்கினு போவறதுக்கு நாயி இருந்தது. இப்ப யாரு கீறாங்க?"

மங்களம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகத்தை எறிந்துவிட்டுப் போனாள். அவள் போகும்வரைக்கும் தனகோட்டி அவள் முதுகையே பார்த்தாள்.

"மணின்ற பேரு அதுக்குத் தெரியும். கூப்ட்டா போவக்கூடாதுன்னு உனுக்கும் தெரியும்" என்றாள். "உன் சொந்தப் பேர எங்குரல்ல அது கேட்டதில்ல. அத ஒண்ணுதான் நான் மூடி வச்சிருக்கிறேன்."

"அப்போ நீயும் புள்ளையும் வேற தோட்டத்துக்குப் போங்க. நான் இங்க இருக்கறேன்."

இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. எது நடக்கும் என்று சொன்னேன். அவள் அடுப்பை ஊதினாள். வெகுநேரம் ஊதினாள். நெருப்பு எப்போதோ பிடித்துவிட்டது.

7

டவுன் ஆபீசில் நடுப்பகல் வரைக்கும் காக்க வைத்தார்கள். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தமிழ் எழுத்தர். ரேகையைச் சரிபார்த்துவிட்டு, "சொல்லுங்கம்மா, புருஷன் பேரு" என்றார்.

மங்களம், "நான் சொல்றேன், சார்" என்றாள்.

"நீ சின்னப் பொண்ணு. அவங்க சொல்லணும்."

"நான்தாங்க அது" என்றேன்.

"நீங்கதான்னு நீங்க சொல்றீங்க. போன தடவை இந்தம்மா வேற ஒருத்தர் பேரச் சொல்லிக்கீது. எந்தப் பொம்பளைக்கு எவன் புருஷன்னு நானா கண்டேன்? அது வாயால வரணும்."

தனகோட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "துஜு" என்றாள். நிறுத்தினாள். "புக்கிட்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார். "அது மலாய்க்காரன் ஊர் பேரும்மா. தமிழ்ல சொல்லு."

மங்களத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது, தலையைத் திருப்பிக்கொண்டாள். தனகோட்டி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன், அங்கே ஒரு பல்லி இருந்தது. 

"ஏழு..." என்றாள். நிறுத்தி ஒரு மூச்சு எடுத்தாள். "...மல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பெயரை அவள் குரலில் அன்றுதான் கேட்டேன். எனக்கு அது நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், மிகவும் நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

எழுத்தர் 'மணி' என்ற பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு என் பெயரை எழுதி முத்திரை குத்தினார். வெளியே வந்தபோது வெயில் நேர் தலைக்கு மேலே இருந்தது. தனகோட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடந்தாள். பஸ் ஏறும்வரை எடுக்கவில்லை.

8

வீடு எங்களுக்கே நிலைத்தது. கிராணி கார்டைப் பார்த்து, "இப்பத்தான் கல்யாணம் ஆன மாதிரி கீது" என்று கேலி செய்தார். நான் சிரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மங்களம் பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தாள். ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கத்து மைதானத்திலிருந்து கூச்சல் வந்துகொண்டிருந்தது. நான் வாசல் படியில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். பூனை பக்கத்தில் படுத்திருந்தது. தனகோட்டி உள்ளே இருந்தாள்.

மைதானத்துக் கூச்சல் நின்றது. ஆட்டத்தில் இடைவேளை விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இலைகூட அசையவில்லை. பூனை எழுந்து மரங்களைப் பார்த்து உட்கார்ந்தது.

"ஏழு... மல."

மரங்களுக்குள்ளிருந்து வந்தது. ஆபீசில் அவள் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தி, அதே மூச்சை எடுத்து.

"வா... கூழு கரைச்சாச்சி."

அது அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செருப்பைக் கீழே வைத்தேன். இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்ததே, அந்த ஆசைதான் என்னை எழுப்பியது. ஒரு காலைப் படியிலிருந்து இறக்கி மண்ணில் வைத்தேன். மண் சுட்டது.

உள்ளே கரண்டியால் தட்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

வழக்கமாக இரண்டு தட்டுத்தான் தட்டுவாள். அன்று நிறுத்தவில்லை. தட்டு நெளிந்துவிடும் போல, கை ஓயாமல் தட்டினாள். நான் காலை எடுத்துப் படியில் வைத்தேன். தட்டினாள். வாசலைத் தாண்டினேன். தட்டினாள். அவள் எதிரில் போய் நின்ற பிறகுதான் கை நின்றது. அவள் வாய் இறுக மூடியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது.

உட்காரச் சொல்லித் தரையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் அந்தத் தட்டை வைத்தாள். தட்டு காலியாக இருந்தது. அடுப்பில் உலை இன்னும் கொதிக்கவே இல்லை.